சாந்தன்பாறை ஏலத்தோட்டத்துக்குப் பழைய டீசல் ஜீப்: வாங்கலாமா, வைத்துச் சமாளிக்க முடியுமா?

சின்னமனூரான்

எல்லோருக்கும் வணக்கம். மாமனார் வழியில் சாந்தன்பாறைக்கு மேலே மூன்றரை ஏக்கர் ஏலத்தோட்டம் கைக்கு வந்திருக்கிறது. தார் ரோட்டிலிருந்து தோட்டத்துக்கு நாலு கிலோமீட்டர் மண்பாதை, நடுவில் ஒரு ஓடை. வெயில் காலத்தில் பைக்கிலேயே போய்விடுகிறேன். மழை பிடித்துவிட்டால் பூட்ஸ் போட்டு நடக்கக்கூட முடியவில்லை. போன வருஷம் முழுக்க வாடகை ஜீப்தான். உரமூட்டை ஏற்ற ஒரு தடவை, பச்சைக்காய் இறக்க ஒரு தடவை என்று கொடுத்தே கை கடித்துவிட்டது.

ராஜாக்காடு பக்கம் ஒருவர் ஜீப் கொடுப்பதாகச் சொல்கிறார். 1997 மாடல் மஹிந்திரா எம்எம் 540, பிஜோ டீசல் இன்ஜின், கே.எல். 06 பதிவு. கேட்கிற விலை மூன்று லட்சத்து எண்பதாயிரம். பெயின்ட் புதிது, சீட் புதிது, பார்க்க அம்சமாக இருக்கிறது. "ஃபோர் வீல் பக்கா" என்று மூன்று தடவை சொல்லிவிட்டார்.

நான் இதுவரை ஓட்டியது பைக்கும் ஒரு பழைய பெட்ரோல் காரும்தான். டீசல் வண்டியும் புதிது, ஃபோர் வீலும் புதிது. எதைப் பார்த்து வாங்குவது? வருஷத்துக்கு எவ்வளவு தின்னும்? கார் மாதிரி பத்தாயிரம் கிலோமீட்டருக்கு ஒரு சர்வீஸ் என்று விட்டுவிடலாமா? அனுபவப்பட்டவர்கள் சொன்னால் புண்ணியமாகப் போகும்.

தாண்டிக்குடி காப்பி

வாங்காதீர்கள் என்றுதான் முதலில் சொல்லத் தோன்றுகிறது. என்னிடமும் 2009 வரை இதே மாதிரி ஒன்று இருந்தது. பவர் ஸ்டீயரிங் கிடையாது, நாலு சக்கரத்துக்கும் டிரம் பிரேக், மழையில் இரண்டு பக்கமும் நனைவீர்கள். வத்தலக்குண்டு இறங்கி ஏறினால் தோள்பட்டை மறுநாள் வரை வலிக்கும்.

இப்போது வைத்திருப்பது பிஎஸ் 6 டீசல், ஃபோர் வீல். ஓட்டுவதற்கு கார் மாதிரி. ஆனால் அதிலும் ஒரு தலைவலி உண்டு, மறைக்கவில்லை. 2020 ஏப்ரலுக்குப் பிறகு வந்த டீசல் வண்டிகளில் புகைக்கரியைப் பிடித்துவைக்க ஒரு ஃபில்டர் இருக்கிறது. அந்தக் கரி எரிந்து போக வேண்டுமானால் சைலன்சர் நன்றாகச் சூடேற வேண்டும். எஸ்டேட்டுக்குள் முதல் கியரிலேயே ஊர்ந்துகொண்டிருந்தால் எங்கே சூடேறும்? மாதம் ஒரு தடவை டாஷ்போர்டில் விளக்கு எரியும். நான் வேலை வெட்டியை விட்டுவிட்டு வத்தலக்குண்டு இறங்கி, திண்டுக்கல் ரோட்டில் இருபது நிமிஷம் ஒரே வேகமாக ஓட்டிவிட்டுத் திரும்புவேன். வீட்டில், "வண்டியை வாக்கிங் கூட்டிப்போய் வந்தாச்சா?" என்று கேட்பார்கள்.

இன்னொன்று, எலி. கொட்டகையில் நாலு நாள் நிறுத்தினால் ஒயரைக் கடித்துவைக்கும். பழைய ஜீப்பில் கடிப்பதற்கே ஒயர் கிடையாது, அது அதன் பெருமை.

பணம் இருந்தால் புதிது. இல்லாவிட்டால் இன்னும் ஒரு வருஷம் வாடகை ஜீப். இது என் கருத்து.

பூப்பாறை ஜீப்பக்கா

தம்பி, அண்ணன் சொல்கிற தோள்வலி உண்மை. ஆனால் மூன்றரை ஏக்கர் வைத்திருப்பவர் பதினஞ்சு லட்சத்துக்கு மேலே வண்டிக்குப் போட்டுவிட்டு உரத்துக்கு என்ன செய்வார்? நான் பழைய ஜீப் கட்சி. கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுமையாகப் படி.

என்னிடம் இருப்பதும் அதே எம்எம் 540தான், 1994 மாடல். 2003-இல் அப்பா இரண்டாம் கையாக வாங்கியது. 2011-இல் டிரைவர் வெளிநாட்டு வேலைக்குப் போனதிலிருந்து நான்தான் ஓட்டுகிறேன். போடியில் வீடு, பூப்பாறைக்குப் பக்கத்தில் தோட்டம். வாரத்துக்கு நாலு நாள் போடிமெட்டு மலைப்பாதை ஏறி இறங்குகிறேன். டாஷ்போர்டு டப்பாவில் ஒரு கோடு போட்ட நோட்டு இருக்கும். போட்ட எண்ணெய், மாற்றிய சாமான், தேதி, மீட்டர், எல்லாம் அதில். அப்பா ஆரம்பித்தது, இப்போது நாலாவது நோட்டு ஓடுகிறது.

நீ கேட்ட பத்தாயிரம் கிலோமீட்டர் கணக்கை முதலில் மற. தோட்டத்து ஜீப்புக்கு கிலோமீட்டர் கணக்கே பொய். நாலு கிலோமீட்டர் மண்பாதை ஏற நாற்பது நிமிஷம் ஆகும். மீட்டரில் நாலு, இன்ஜினுக்கு அது நாற்பது. நான் இன்ஜின் ஆயிலை 4,000 கிலோமீட்டருக்கு ஒரு தடவை மாற்றுகிறேன், அது வராவிட்டாலும் ஆறு மாதத்துக்கு ஒரு தடவை. 15டபிள்யூ 40 டீசல் ஆயில், கூடவே ஃபில்டர். மாற்றின மறுவாரமே ஆயில் கறுத்துவிடும், பயப்படாதே. டீசல் இன்ஜினில் கரி ஆயிலோடு கலக்கத்தான் செய்யும். கறுப்பு நோயில்லை. அளவுக்கம்பியில் மேலே ஏறிக்கொண்டே போனாலோ, வெண்ணெய் மாதிரி வெளுத்தாலோதான் ஓட வேண்டும்.

சரி, வாங்கும்போது பார்ப்பது. பெயின்ட்டையும் சீட்டையும் பார்க்கவே பார்க்காதே. காலையில், வண்டி ராத்திரி முழுக்க நின்று ஆறின பிறகு போ. முன்கூட்டியே ஸ்டார்ட் பண்ணி சூடேற்றி வைத்திருந்தால், "நாளைக்கு வருகிறேன்" என்று திரும்பிவிடு. பானெட்டைத் தொட்டுப் பார்த்தாலே தெரிந்துவிடும். பிஜோ இன்ஜினுக்கு ஹீட்டர் பிளக் முக்கியம். சாவியைத் திருப்பி ஹீட்டரைப் பிடித்து இருபது எண்ணு, அப்புறம் செல்ஃப் அடி. இரண்டு மூன்று சுற்றில் பிடித்தால் நல்லது. பிடித்ததும் கொஞ்சம் வெள்ளைப்புகை வந்து ஓய்ந்துவிட வேண்டும். ஓயாமல் நீலமாக வந்தால் இன்ஜின் ஆயில் குடிக்கிறது. இன்ஜின் ஓடும்போதே ஆயில் ஊற்றும் மூடியைக் கழற்றிப் பார். லேசாக ஆவி வரலாம். புஸ்புஸ்ஸென்று புகை தள்ளினால் பேக் கம்ப்ரஷன், அதாவது ரிங்கும் லைனரும் போய்விட்டது. அப்படிப்பட்ட வண்டி பாதி விலைக்கு வந்தால்கூட வேண்டாம்.

அப்புறம் ஒரு சாக்கை விரித்துக் கீழே படு. நான் நிஜமாகவே சாக்கைக் கையோடு கொண்டுபோவேன். முன் அச்சில் பல் சக்கரங்கள் இருக்கிற உருண்டைப் பெட்டியான முன் ஹவுசிங், பின் அச்சில் அதே மாதிரி பின் ஹவுசிங், நடுவில் இழுவையை முன்னுக்கும் பின்னுக்கும் பிரித்துவிடுகிற டிரான்ஸ்ஃபர் கேஸ், இந்த மூன்றிலும் எங்கே எண்ணெய் கசிகிறது, எங்கே எண்ணெயே இல்லாமல் காய்ந்து கிடக்கிறது என்று பார். பழைய ஜீப்பில் லேசான கசிவு சகஜம். ஒரு சொட்டும் இல்லாமல் சுத்தமாக இருந்தால்தான் எனக்குச் சந்தேகம் வரும், உள்ளே எண்ணெயே இல்லையோ என்று. பின் சக்கரத்துக்கு உட்புறம் கறுப்பாக வழிந்திருந்தால் ஆக்சில் சீல் போய் கியர் ஆயில் பிரேக் டிரம்முக்குள் இறங்கியிருக்கிறது. அந்த வண்டி பிரேக் அடித்தால் ஒரு பக்கமாக இழுக்கும். முன் சக்கரத்தை ஜாக்கியில் தூக்கி, மேலும் கீழும் பிடித்து ஆட்டிப் பார். கடகடவென்று ஆடினால், முன் சக்கரம் திரும்புகிற இடத்து கிங் பின் பேரிங் தேய்ந்திருக்கிறது. அதைச் சரி செய்யாமல் ஓட்டினால் ஐம்பதில் போகும்போது ஸ்டீயரிங் உதறும். எனக்கு ஒரு தடவை உதறியது, போடிமெட்டு இறக்கத்தில். அன்றைக்கு வீட்டுக்கு வந்து ஒரு சொம்புத் தண்ணீரை நின்ற மேனிக்குக் குடித்தேன்.

இப்போது ஃபோர் வீல். பழைய ஜீப்பின் ஃபோர் வீல் நீ கூப்பிட்டால் மட்டும் வரும். சாதாரணமாகப் பின் சக்கரம் இரண்டுதான் தள்ளும். சேற்றில் இறங்கி, முன் சக்கரம் இரண்டின் நடுவிலும் சக்கரத்தை அச்சோடு சேர்க்கிற ஹப்பை "லாக்" பக்கம் திருப்பிவிட்டு, உள்ளே ஏறி லீவரைப் போட வேண்டும். லோவில், அதாவது மெதுவான பல்லில், போட்டால் வேகம் பாதிக்கும் கீழே போய்விடும், இழுவை அந்த அளவு கூடும். இறக்கத்தில் இதுதான் உயிர் காக்கும், இன்ஜினே பிடித்துக்கொள்ளும்.

ஆனால் தார் ரோட்டில் ஃபோர் வீல் போடவே கூடாது. வளைவில் முன் சக்கரம் பெரிய வட்டம் அடிக்கும், பின் சக்கரம் சின்ன வட்டம். கார் வளையும்போது இடது வலது சக்கரங்களுக்குள் அந்த வித்தியாசத்தைத் தீர்க்க டிஃபரன்ஷியல் இருக்கிறது. இந்த ஜீப்பில் முன்னுக்கும் பின்னுக்கும் நடுவில் அப்படி ஒன்று கிடையாது. சேறு என்றால் சக்கரம் கொஞ்சம் வழுக்கிச் சரி பண்ணிக்கொள்ளும். தாரில் வழுக்காது, முறுக்கு உள்ளேயே நின்றுவிடும். அப்புறம் லீவர் வராது. புதிதாக ஓட்டுகிறவர்கள் கியர் இறுகிவிட்டது என்று பயந்து லீவரை உதைப்பார்கள். நேராக ரிவர்ஸ் எடுத்தால் பத்தடியில் முறுக்கு அவிழ்ந்து தானாக வந்துவிடும்.

இப்போது என் கதையைச் சொல்கிறேன், நீ ஓடை என்று எழுதியதால்.

2018 ஆகஸ்ட். செருதோணி மதகை 26 வருஷத்துக்குப் பிறகு திறந்தார்களே, அந்த மழைதான். எங்கள் பாதையில் முழங்காலுக்குக் கீழே ஓடுகிற ஓடை அன்றைக்குத் தொடை வரைக்கும் வந்திருந்தது. ஆறு மூட்டைக் காய் பின்னால். லோவில் போட்டு மெதுவாக இறக்கி ஏற்றிவிட்டேன். அக்கரையில் நின்றவர்கள் கைதட்டினார்கள், எனக்கும் தலை கொஞ்சம் கனத்துவிட்டது. வீட்டுக்குப் போய் வண்டியைக் கழுவி நிறுத்தினேன். அவ்வளவுதான், மறந்துபோனேன்.

ஜனவரியில், கடைசி எடுப்பு முடிகிற சமயத்தில், பின்னால் ஒரு ஊளைச் சத்தம். ஆக்சிலரேட்டரைக் கொடுத்தால் ஏறும், விட்டால் ராகம் மாறும். மெக்கானிக் பாய் ஹவுசிங் போல்ட்டை அவிழ்த்தார். வந்தது கியர் ஆயில் இல்லை தம்பி, பால் அதிகம் ஊற்றிய காப்பி. அச்சைச் சுற்றவைக்கிற பெரிய பல் சக்கரமான கிரவுனின் பல்லில் துருப்புள்ளி, பேரிங்கில் செதில் செதிலாகப் பெயர்ந்திருக்கிறது. பாய் அந்தப் பேரிங்கை என் உள்ளங்கையில் வைத்து, "உருட்டிப் பாருங்க" என்றார். மணல் அரைக்கிற மாதிரி இருந்தது. கிரவுன், அதைச் சுற்றுகிற சின்னப் பல் சக்கரமான பினியன், பேரிங் செட், கூலி எல்லாம் சேர்த்து அந்த நோட்டில் எழுதியிருப்பது 27,400.

நடந்தது என்னவென்றால், சுமையோடு ஏறி வந்ததில் ஹவுசிங் கொதிக்கக் கொதிக்க இருந்தது. அப்படியே குளிர்ந்த தண்ணீரில் இறங்கியதும் உள்ளே இருக்கிற காற்று சுருங்கி வெளியே இருப்பதை உறிஞ்சும். காற்று போய் வர ஹவுசிங் மேலே ஒரு சின்ன மூச்சுக்குழல் உண்டு. என் வண்டியில் அது சேறு அடைத்துக் கிடந்தது. வேறு வழியில்லாமல் சீல் ஓரமாகத் தண்ணீரை இழுத்துவிட்டது. வண்டியைக் குறை சொல்ல ஒன்றுமில்லை, அன்றைக்கு ராத்திரியே அந்தப் போல்ட்டை ஒரு சுற்று அவிழ்த்துப் பார்த்திருந்தால் ஆயில் காசோடு போயிருக்கும்.

அதிலிருந்து எனக்கு ஒரு வழக்கம். ஆழமான தண்ணீரில் இறங்கி வந்தால் மறுநாள் காலை, வண்டியை நகர்த்துவதற்கு முன்னால், ஹவுசிங்கின் அடிப்போல்ட்டைக் கொஞ்சமாகத் தளர்த்துவேன். தண்ணீர் கனம், ராத்திரி முழுக்க அடியில் தங்கியிருக்கும், முதலில் அதுதான் சொட்டும். எண்ணெய் வந்துவிட்டால் இறுக்கிவிட வேண்டியதுதான். முன்னே ஒன்று, பின்னே ஒன்று, ஐந்து நிமிஷ வேலை. மூச்சுக்குழலில் ஒரு ரப்பர் ஹோஸை மாட்டி, பாடிக்கு அடியில் உயரமாகத் தூக்கிக் கட்டிவிட்டேன். ஹோஸ் 60 ரூபாய்.

டீசலும் அதே கதைதான். மலையில் ராத்திரி குளிர், பகலில் வெயில். டேங்க் பாதி காலியாக இருந்தால் உள்சுவரில் தண்ணீர் வேர்க்கும். சாயங்காலமே நிரப்பி நிறுத்துவது நல்லது. ஃபில்டர் கிண்ணத்தின் அடித்திருகை வாரம் ஒரு தடவை திறந்து ஒரு கண்ணாடி டம்ளரில் பிடித்துப் பார். தண்ணீர் இருந்தால் அடியில் கோடு போட்டு நிற்கும்.

இதையெல்லாம்விட முதலில் கற்றுக்கொள்ள வேண்டியது ஏர் எடுப்பது. டீசல் லைனில் காற்று புகுந்தால் எவ்வளவு செல்ஃப் அடித்தாலும் பிடிக்காது, பேட்டரிதான் சாகும். என் மகள் பத்தாவது படிக்கும்போது ஒரு விடிகாலை, பனியில், டார்ச் பிடித்துக்கொண்டு நின்றாள். ஃபில்டர் மேலே இருக்கிற ஏர் திருகை இரண்டு சுற்று அவிழ்த்துவிட்டு, கைப்பம்ப்பை அமுக்கிக்கொண்டே இருந்தேன். முதலில் வெறும் நுரை, சோப்புத் தண்ணீர் மாதிரி. அப்புறம் குமிழ் குமிழாக. அப்புறம் திடீரென்று குமிழே இல்லாமல் கண்ணாடி மாதிரி டீசல் வழிந்தது. பம்ப்பை அமுக்கிப் பிடித்தபடியே திருகை இறுக்க வேண்டும், விட்டுவிட்டு இறுக்கினால் காற்று திரும்ப உறிஞ்சிக்கொள்ளும். அப்படியும் பிடிக்காவிட்டால் இன்ஜினுக்குள் டீசல் தெளிக்கிற நோசிலுக்குப் போகிற பைப் நட்டை லேசாகத் தளர்த்தி செல்ஃப் அடித்தால் மீதிக்காற்று அங்கே துப்பும். அப்போது முகத்தைக் கிட்டே கொண்டுபோகாதே. ஒரு 10 ஸ்பானர், ஒரு 17, ஒரு பழந்துணி. இந்த மூன்றும் இல்லாமல் நான் மெட்டு ஏறுவதில்லை.

கிரீஸ் பற்றி நிறையப் பேர் எழுதியிருப்பார்கள். நான் மாதம் ஒரு தடவை கன் பிடித்து கிரீஸ் ஏற்றுகிற முனை (நிப்பிள்) எல்லாவற்றுக்கும் அடித்துவிடுவேன், அவ்வளவுதான். ரேடியேட்டருக்கு ஓடைத் தண்ணீர் ஊற்றாதே, கூலன்ட் ஊற்று.

வருஷச் செலவு கேட்டாய். டயர் மாற்றாத வருஷத்தில் எனக்கு முப்பதுக்கும் நாற்பதாயிரத்துக்கும் நடுவில் நிற்கிறது, டீசல் தனி. மைலேஜ் தாரில் பதினொன்று, பாதையில் கேட்காதே.

கடைசியாக ஒன்று. மழை முடிந்துவிட்டது என்று ஃபோர் வீலை ஆறு மாதம் தொடாமல் விட்டுவிடாதே. ஹப் ஃப்ரீயில் இருந்தால் முன் ஹவுசிங்குக்குள் எதுவும் சுற்றாது. எண்ணெய் அடியில் படுத்துவிடும், மேலே இருக்கிற பல்லும் பேரிங்கும் காய்ந்து துருப்பிடிக்கும். மாதம் ஒரு தடவையாவது ஹப்பை லாக் பண்ணி மண்பாதையில் இரண்டு கிலோமீட்டர் ஓட்டு. என் பக்கத்துத் தோட்டக்காரர் வெயில் காலம் முழுக்கச் சும்மா வைத்திருந்துவிட்டு, ஜூன் மாதம் முதல் மழையில் லீவரைப் போட்டார். போட்ட சத்தம் எங்கள் ஸ்டோர் வரைக்கும் கேட்டது.

சூரியநெல்லி டிரைவர்

அக்கா எழுதினதில் மாற்றுக் கருத்து இல்லை. நான் கொழுக்குமலை லைனில் ஓட்டுகிறேன். ஓட்டும் முறை பற்றி மட்டும் சொல்கிறேன்.

ஏறுகிற கியரிலேயே இறங்கு. லோ முதல் கியரில் ஏறின இடத்தை மூன்றாம் கியரில் பிரேக் மிதித்து இறங்கினால் டிரம் சூடாகிக் கால் தரையைத் தொடும். ஃபோர் வீல் மேலே ஏற்றிவிடும், பிரேக் அடித்து நிறுத்துவதற்கு அதனால் ஒரு உபகாரமும் கிடையாது. இது புரியாத ஆட்கள்தான் வளைவில் போய்ச் செருகுகிறார்கள்.

செம்மண் சேற்றுக்கு டயர் சங்கிலி வாங்கி வை. நம் பக்கம் எல்லாரும் பின் சக்கரத்துக்கு மட்டும் போடுவார்கள், ஏறுவதற்கு அது போதும். இறங்கும்போது முன் சக்கரம் வழுக்கினால் ஸ்டீயரிங் திருப்பியும் வண்டி நேராகப் போகும், அதனால் செங்குத்து இறக்கம் இருந்தால் நாலுக்கும் போடு. தார் வந்ததும் கழற்றிவிடு. சோம்பல்பட்டு அப்படியே ஓட்டினால் சங்கிலி அறுந்து மட்கார்டைக் கிழிக்கும்.

காற்றைக் குறைத்தால் சேற்றில் பிடிப்பு கூடும். ஆனால் 6.00-16 டியூப் டயரில் ரொம்ப இறக்காதே, ரிம்மில் டயர் வழுக்கி டியூப் வால்வு பிய்ந்துவிடும். நான் 20 பி.எஸ்.ஐ. காற்றழுத்தத்துக்குக் கீழே போவதில்லை.

ஆள் ஏற்றாதே. வேலையாட்கள் பத்துப் பேர் தொங்கிக்கொண்டு வருவதைப் பார்த்து நீயும் ஏற்றாதே. சொந்த உபயோகப் பதிவு வண்டியில் கூலி வாங்கி ஏற்றினது தெரிந்தால், ஒன்று ஆகிவிட்டால் இன்சூரன்ஸ்காரன் கைவிரித்துவிடுவான்.

தேனி பேப்பர்வேலை

வண்டியைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது, ஆர்.சி. புக் பற்றித் தெரியும்.

1997 வண்டி என்றால் 15 வருஷம் 2012-இலேயே முடிந்துவிட்டது. அதற்குப் பிறகு ஐந்தைந்து வருஷமாகப் பதிவைப் புதுப்பித்திருக்க வேண்டும். கடைசிப் புதுப்பிப்பு எந்தத் தேதி வரை என்று பாருங்கள். 2022 ஏப்ரலிலிருந்து புதுப்பிப்புக் கட்டணம் பல மடங்கு கூடிவிட்டது, அதற்கு முன்னால் 600 ரூபாயாக இருந்தது 5,000 ஆனது, 20 வருஷம் தாண்டின வண்டிக்கு அதற்கு மேலேயும் ஏற்றியிருக்கிறார்கள். அந்தச் செலவு யார் தலையில் என்று முன்பணம் கொடுப்பதற்கு முன்னால் பேசிவிடுங்கள். பத்து வருஷ டீசல் வண்டி ஓடக்கூடாது என்று யாராவது பயமுறுத்தினால் அது டெல்லிச் சுற்றுவட்டாரத்து விஷயம், நம் பக்கம் இல்லை.

கேரளப் பதிவு வண்டியை உங்கள் பெயருக்கு மாற்றி டி.என். 60 நம்பர் வாங்க வேண்டுமானால் அங்கிருந்து தடையில்லாச் சான்று (என்.ஓ.சி.) எடுத்து, இங்கே வரி கட்ட வேண்டும். பழைய நம்பரிலேயே ஓட்டலாம் என்று நினைத்தால், வேறு மாநிலத்தில் 12 மாதத்துக்கு மேல் வைத்திருக்கும் வண்டிக்குப் புது நம்பர் வாங்கியாக வேண்டும் என்பது சட்டம்.

முக்கியமானது: இன்ஜின் நம்பரும் சேசிஸ் நம்பரும் ஆர்.சி.யோடு ஒத்துப்போகிறதா என்று உங்கள் கண்ணால் பாருங்கள். மலைப்பக்கத்து ஜீப்பில் இன்ஜின் மாற்றி ஏற்றுவது சாதாரணம். ஆர்.டி.ஓ. அனுமதி இல்லாமல் மாற்றியிருந்தால் தகுதிச் சோதனையில் (எஃப்.சி.) நின்றுவிடும். ஆரம்பத்தில் டூ வீல் டிரைவாக வந்ததை ஃபோர் வீலாக மாற்றினவையும் சுற்றிக்கொண்டிருக்கின்றன.

சின்னமனூரான்

எல்லோருக்கும் நன்றி. ஞாயிற்றுக்கிழமை போய்ப் பார்த்துவிட்டு வந்தேன்.

அக்கா சொன்ன மாதிரி சொல்லாமல் கொள்ளாமல் காலை ஆறரைக்கே போய் நின்றேன். பானெட் குளிர்ந்துதான் இருந்தது. ஹீட்டர் பிடித்து இருபது எண்ணி அடித்ததும் மூன்றாவது சுற்றில் பிடித்தது. வெள்ளைப்புகை கொஞ்ச நேரம், அப்புறம் சுத்தம். ஆயில் மூடியைக் கழற்றினேன், லேசான ஆவிதான். நம்பர் இரண்டும் ஆர்.சி.யோடு சரியாக இருந்தது. புதுப்பிப்பு அடுத்த வருஷம் மார்ச் வரை இருக்கிறது.

லீவர் அழகாக விழுந்தது. ஹப் திருப்பினால் டக்கென்று லாக் ஆனது. அவர் பக்கத்தில் நின்றுகொண்டு "பக்கா, பக்கா" என்கிறார். எனக்கும் மனசு நிறைந்துவிட்டது. சாக்கு கொண்டுபோனோமே, படுத்துவிடலாம் என்று கீழே போனால், டிரான்ஸ்ஃபர் கேஸிலிருந்து முன் ஹவுசிங்குக்குப் போக வேண்டிய ராடையே காணோம்! லீவர் விழுந்து என்ன, ஹப் லாக் ஆகி என்ன, நடுவில் ஒன்றுமே இல்லை.

வெளியே வந்து கேட்டேன். அவர் முகத்தில் ஒரு சலனம் இல்லை. "மைலேஜுக்காகக் கழற்றி வைத்தது, ஏழெட்டு வருஷம் ஆச்சு, பத்திரமா இருக்கு" என்று கொட்டகைக்குள் போய், மாட்டுத்தீவனச் சாக்குக்கு அடியிலிருந்து உருவிக்கொண்டு வந்தார். துருவேறி, முனைகளில் மடங்குகிற மூட்டான கிராஸ் இரண்டும் அசையவே இல்லை.

மூன்று லட்சத்து இருபதுக்கு இறங்கியிருக்கிறார். வாங்கலாமா அக்கா?

பூப்பாறை ஜீப்பக்கா

சிரித்துவிட்டேன் தம்பி. ஏழு வருஷமாக முன் ஹவுசிங் சுற்றவே இல்லை என்று அவர் வாயாலேயே சொல்லியிருக்கிறார், அதைப் பிடித்துக்கொள். இன்ஜினும் பேப்பரும் சரியாக இருந்தால் வண்டி வாங்குகிற வண்டிதான். மூன்றுக்குக் கேள், மூன்று பத்துக்குள் முடி. முடிப்பதற்கு முன்னால் உன் மெக்கானிக்கை ஒருவரைக் கூட்டிப்போய், முன் ஹவுசிங் மூடியைத் திறந்து கிரவுன் பல்லைப் பார்க்கச் சொல். அதற்கு அவர் சம்மதிக்காவிட்டால் எழுந்து வந்துவிடு. பல்லில் துரு மேலாக இருந்தால் பரவாயில்லை, விரல் நகம் தடுக்குகிற அளவுக்குப் பள்ளம் இருந்தால் இருபத்தைந்தாயிரத்தைக் கழித்துப் பேசு.

அந்த ராடை விட்டுவிட்டு வந்துவிடாதே. கிராஸ் இரண்டும் புதிதாகப் போட்டு, நடுவில் சறுக்குகிற இடத்தில் கிரீஸ் வைத்து மாட்டிவிடலாம். மாட்டும்போது இரண்டு முனையிலும் இருக்கிற கவை ஒரே நேராக நிற்கிறதா என்று பார்க்கச் சொல், பழைய ராடில் அதற்குக் குறி வெட்டியிருப்பார்கள். ஒரு பல் தள்ளி மாட்டினால் லாக் போட்டு ஓட்டும்போதெல்லாம் அடியில் நடுங்கும், நீ டயர், பேரிங் என்று வேறு எதையாவது மாற்றிக்கொண்டிருப்பாய்.

எண்ணெய் மூன்று இடத்திலும் புதிது ஊற்றிவிட்டு, முதல் மழைக்கு முன்னால் ஒரு நாள் பூப்பாறை வந்தால் சொல். ஏர் எடுப்பதை நேரில் காட்டித்தருகிறேன். 10, 17 இரண்டு ஸ்பானரும் நீயே வாங்கி வா, என்னுடையதைத் தரமாட்டேன்.